டிப்லோ குளத்துப் போர்வை

டிப்லோ கிராமத்தில் யாரும் கம்பளிப் போர்வையை வெளியே காயப்போடுவதில்லை. சட்டை, பாவாடை, உள்ளாடை எல்லாம் வேலி மேல் ஊர் பார்க்கக் காயும். கம்பளி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படிக் கொடியில் காயும். இதற்குக் காரணம் மேட்டின் மேல் இருக்கும் கிராஸ்டன் ஊர்க்காரர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடுங்குளிரில், குளத்துக்குச் சளி பிடித்துவிடுமே என்று டிப்லோ ஜனங்கள் அதற்குப் போர்வை போர்த்தினார்களாம். இதைச் சொல்லிச் சொல்லி கிராஸ்டனுக்கு இன்னும் வாய் வலிக்கவில்லை. மே மாதச் சந்தையில் ஒரு டிப்லோ தலை தெரிந்தால் போதும், கிராஸ்டன் மொத்தமும் இருமும்.

அந்த இருமல் ஹெட்டி ட்ராஸ்க்கை மற்றவர்களைவிட அதிகமாகச் சுட்டது. முதல் போர்வை ட்ராஸ்க் வீட்டிலிருந்து போனதாகத்தான் கதை. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியும் அவன் வீட்டுப் பேரோடு அந்தக் கேலியையும் அவளே சுமந்தாள். கிராஸ்டன் பால்காரன் பெர்ட் லம்லி அவளைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி, "குளத்துக்கு உடம்பு தேவலையா, ஹெட்டிம்மா?" என்று விசாரிப்பான்.

உலக யுத்தம் முடிந்து இரண்டாவது பிப்ரவரியில் அந்தக் குளிர் வந்தது. பாதைகளைப் பனி மூடியது. அடிகுழாய் உறைந்து, கைப்பிடி அசைய மறுத்தது. ஹெட்டிக்கு மூன்று பசுக்கள். அதில் மேரிகோல்டு நிறைசினை. அவள் ஜீவனமே அந்த மூன்றும்தான். பனியை அள்ளி உருக்கினால் ஒரு வாளிக்கு ஒரு குவளை தேறியது. அடுப்புக்கு நிலக்கரியும் இல்லை. கொழுந்தன் வில்ஃப் காலையில் கோடரியால் குளத்தை உடைத்தால் மதியத்துக்குள் அது மூடிக்கொண்டது. மேரிகோல்டு வெறும் வாளியை நக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

குளத்தின் ஒரு மூலையில், வில்லோ மரத்தடியில், ஊற்றுக்கண் இருந்தது. அங்கே மட்டும் பனிக்கட்டி மெல்லிசாக இருப்பதை ஹெட்டி கவனித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்த கம்பளியை உருவி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் தெரு நடுவே நடந்து வந்தாள்.

வில்ஃப் ஓடி வந்து வழி மறித்தான். "அண்ணி, என்ன பண்றீங்க? யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும்."

"இருட்டினதும் பண்ணக் கூடாதா? காலத்துக்கும் இருமுவானுங்களே."

"மாடு தண்ணியக் குடிக்குமா, மானத்தக் குடிக்குமா? அந்த ஆட்டுப்பட்டித் தட்டியை எடுத்துட்டு வாடா."

ஊற்று மூலையை உடைத்து, மேலே தட்டிகளைப் பரப்பி, வைக்கோலைக் கொட்டி, அதன்மேல் கம்பளியை விரித்தார்கள். மதுக்கடைச் சன்னலில் நாலைந்து முகங்கள் ஒட்டியிருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அது தங்கள் பாட்டனைப் பார்த்தே சிரிப்பதாகிவிடும்.

மறுநாள் காலையில் ஹெட்டி ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் கறுப்பாக அசைந்தது. அவள் வாளியை விட்டு மொண்டாள். மேரிகோல்டு மூக்கு முங்கக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, அழுகையும் சிரிப்புமாக அவள் சொன்னாள்: "நம்ம பாட்டனுங்க முட்டாளுங்க இல்லடா வில்ஃப். கிராஸ்டன்காரனுங்க சொன்னதை நாமளும் நம்பிக்கிட்டிருந்தோம் பாரு, நாமதான் முட்டாளுங்க."

அன்று மத்தியானத்துக்குள் டிப்லோவின் கட்டில்கள் எல்லாம் வெறிச்சோடின. பாதிரியாரும் தன் கம்பளியைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, கோட்டோடு படுத்துக்கொண்டார்.

மேட்டின் மேல் கிராஸ்டனின் குழாய்களும் கிணறும் இறுகிக் கிடந்தன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெர்ட் லம்லி பால் கேன்களோடு பனியில் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தான். தொப்பியை இந்த முறை கேலியில்லாமல் கழற்றினான்.

"ஹெட்டிம்மா, மாடுங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. கொஞ்சம் தண்ணி..."

"தாராளமா எடுத்துக்கோ பெர்ட். ஒண்ணே ஒண்ணு. குளத்துக்குக் குளிருது."

பெர்ட் விழித்தான்.

"கிராஸ்டன்ல தண்ணி வேணுங்கறவங்க ஆளுக்கொரு போர்வை கொண்டாரணும். அவங்கவங்க கையாலேயே போத்தி விடணும். நல்லா இழுத்து, கழுத்து வரைக்கும்."

"இது அநியாயம், ஹெட்டி."

"இருமாமப் போயிட்டு வா. வழுக்கும்."

அவன் ஏறிப் போனான். ஒரு மணி நேரம் கழித்து வில்ஃப் ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். மேட்டுச் சரிவில் கிராஸ்டன் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் வாளி, தோளில் போர்வை. சந்தையில் வாய் கிழிய இருமியவர்கள் அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் வந்தார்கள். முன்னால் பெர்ட், அவன் பெண்டாட்டியின் கல்யாண மெத்தைவிரிப்போடு, ரோஜாப்பூ போட்டது. குளக்கரையில் மண்டியிட்டு அவன் அதை விரித்து, நான்கு ஓரமும் செருகினான்.

"இந்தப் பக்கம் காத்து போகுது பாரு," என்றாள் ஹெட்டி. அவன் அதையும் செருகினான். டிப்லோ மொத்தமும் கரையில் நின்று பார்த்தது. பிறகு ஹெட்டி அவன் கேனை வாங்கித் தன் கையாலேயே வழிய வழிய நிரப்பிக் கொடுத்தாள்.

மேரிகோல்டு கிடாரிக் கன்று போட்டது. மார்ச்சில் பனி உருகியது. முதல் வெயில் அடித்த காலையில் ஹெட்டி தன் கம்பளியைத் துவைத்து, அடுப்படிக்குக் கொண்டுபோகாமல் முன்வேலியில் விரித்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், உள்ளே போனாள், தன்னுடையதோடு திரும்பி வந்தாள். மத்தியானத்துக்குள் டிப்லோவில் போர்வை இல்லாத வேலியே இல்லை. அவ்வளவும் கிராஸ்டனைப் பார்த்தபடி காய்ந்தன.