நாலா, ஆறா

பல் டாக்டருக்கு ஒரு மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. நோயாளி வாயைத் திறந்து படுத்திருக்கும்போதே அவர் மனம் படியிறங்கி, கீழே நிற்கும் காரைச் சுற்றிவரப் போய்விடும்.

பதினொரு வருடத்துக் கார் அது. இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிய உடம்பு, முதுகுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதைச் செய்த கம்பெனி இந்த வருடம் மாடலை மாற்றிவிட்டது. ஆறை எடுத்துவிட்டு நாலை வைத்தது. குறைந்ததை ஈடுகட்ட, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ ஒன்றை மாட்டியது. பழையதைவிட வேகம், பெட்ரோலும் மிச்சம் என்று விளம்பரம் செய்தது.

ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் அன்றே இரண்டாகப் பிளந்தது. ஆறு கட்சிக்கு டாக்டரை யாரும் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் விடாமல் எழுதியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாலு கட்சியில் முதல் ஆளாகப் புதுக் காரை வாங்கியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்துகிறவன்.

காரை எடுத்த கையோடு அக்கா வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறிப் பாருங்க மாமா. ரெண்டாயிரம் சுத்துலயே அப்படியே தூக்கும்."

டாக்டர் ஏறவில்லை. பின்பக்க எஞ்சின் மூடியைச் செருப்புக் கடையில் செருப்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தையல் மெஷினும்தான்டா ஓடுது. இதுக்குக் குரல் எங்க?"

"டர்போ விசில் அடிக்குதே, கேக்கலையா?"

"என்ன விசில்? இருந்தாத்தானே கேக்கும். இல்லாததச் சொல்லி என்ன ஏமாத்தாத."

மச்சான் முகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. ஆளில்லாத தட்டை எடுத்து வைத்தபடி மனைவி சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து சிலிண்டர் இருக்கு. புத்தி ஒண்ணுகூட இல்ல."

டாக்டர் விடவில்லை. வருடா வருடம் சங்கம் போகும் மலைப் பயணத்தில் ஆறு சிலிண்டருக்குக் குறைந்த எந்தக் காரும் வரக்கூடாது என்று தீர்மானம் எழுதினார். நான்கு முறை திருத்தி எழுதினார். ஒவ்வொரு முறையும் முதல் வரி மட்டும் மாறவில்லை: 'புதிய எஞ்சினுக்குக் குரல் இல்லை.'

ஆனால் அவரை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். அவருடைய காரே சரியில்லை. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தொடும்போது கழுத்து மயிர் சிலிர்க்குமே, அந்த உச்சக் கூவல் மழுங்கிப்போயிருந்தது. எஞ்சின் மேல் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டது போல. மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டு நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் போவார். கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார், மறுபடி இறக்குவார். திரும்பி வருகையில் போகும்போது இருந்ததைவிடப் படபடப்பு அதிகமாக இருக்கும்.

ஒரே மாதத்தில் மூன்று முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அதை நடத்தியவள் நாற்பது வயதுப் பெண். வாடிக்கையாளர்கள் அவளை இன்ஜினியரம்மா என்பார்கள். முதல் முறை ஸ்பார்க் பிளக் மாற்றினாள். இரண்டாம் முறை சைலன்ஸரைக் கழற்றிப் பார்த்து மாட்டினாள். மூன்றாம் முறை எதையும் கழற்றவில்லை. சத்தம் அளக்கும் மீட்டரைக் காரின் பின்னால் வைத்து எஞ்சினை முறுக்கச் சொன்னாள்.

"போன வருஷம் ரேஸ் டிராக் சர்டிஃபிகேட்டுக்கு அளந்தப்ப தொண்ணூத்தாறு டெசிபல். இப்பவும் அதே தொண்ணூத்தாறுதான்."

"அப்ப மீட்டர்ல கோளாறு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். நான் உங்க இடதுபக்கம் நின்னு பேசறேன். நீங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையத் திருப்பி வலது காதக் காட்டறீங்க. எங்கப்பா லேத்துல நின்னு நின்னு இப்படித்தான் ஆனாரு. கார்ல ஒண்ணும் இல்ல. ஒரு தடவ காதக் காட்டிருங்க."

"காது கேக்காமயா உன்னோட பேசிட்டிருக்கேன்?" என்று சீறிவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, உள்ளங்கைகளைக் காதில் வைத்துவைத்து எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஒரு பெண் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் காது பரிசோதனைக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்தார். வெளியே பார்த்தால் சோதனை செய்யும் பெண் இன்னும் மும்முரமாகக் கருவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

காகிதத்தில் கோடு சமமாகப் போய்ச் சட்டென்று பள்ளத்தில் விழுந்திருந்தது.

"என்ன வேல சார் பாக்கறீங்க?"

"பல்லு."

"டிரில்லோடயா? எத்தன வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

அவள் கோடு விழுந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "தணிஞ்ச சத்தமெல்லாம் நல்லா இருக்கு. மேல போகப் போகத்தான் இல்ல. குருவிச் சத்தம், குக்கர், விசில், இதெல்லாம் கஷ்டம். திடீர்னு வர்றதில்ல சார். கொஞ்சம் கொஞ்சமாப் போறதால தெரியாது."

மூன்று நாள் வீட்டில் அறை அறையாக நடந்தார். மனைவி என்னவென்று கேட்டாள். எதையோ தேடுவதாகச் சொன்னார். மனைவியும் கூடச் சேர்ந்து தேடினாள், எதை என்றே தெரியாமல்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூட்டம். முப்பத்தைந்து பேர். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு மச்சான். டாக்டர் எழுந்து காகிதத்தைப் பிரித்தார்.

"புதிய எஞ்சினுக்குக் குரல் இல்லை…"

அதற்கு மேல் படிக்காமல் காகிதத்தைத் தாழ்த்தினார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"இத நான் சொல்லக்கூடாது," என்றார். "என் மச்சான் அவன் கார்ல ஒரு விசில் கேக்குதுன்னான். இல்லவே இல்லன்னு அடிச்சுப் பேசினேன். இருக்கு. எனக்குத்தான் கேக்கல. காது போயிருச்சு. டெஸ்ட் எடுத்தாச்சு. தீர்மானத்த வாபஸ் வாங்கறேன்."

ஹாலில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. முன் வரிசையிலிருந்து கேப்டன் எழுந்தார். விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறு கட்சியில் இரண்டாவது ஆள். டாக்டரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் பக்குவமாக உருவிக்கொண்டார்.

"டாக்டருக்கு கேக்கலன்னா என்ன? எங்களுக்கு நல்லாவே கேக்குது. அது வேக்குவம் கிளீனர் சத்தம். நான் படிக்கிறேன்."

கடைசி வரி வரை படித்தார். இருபத்தொன்றுக்குப் பதின்மூன்று. தீர்மானம் நிறைவேறியது. கையே தூக்காதவர் டாக்டர் ஒருவர்தான். கைதட்டியவர்கள் அவரைப் பார்த்தும் தட்டினார்கள்.

மச்சான் ஏற்கெனவே கீழே இறங்கிப் போயிருந்தான். கார் கதவைத் திறந்துவைத்து, ஏறாமல் நின்றுகொண்டிருந்தான்.

"கடைசில நீங்க எழுதினதுதானே மாமா ஜெயிச்சுது."

"ஆமா. நான் எழுதினதுதான்."

"எனக்குக் கோவம் தீரல."

"தீர வேணாம். சாவியக் குடு."

மச்சான் ஒரு கணம் யோசித்தான். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

ஊரைத் தாண்டிய சாலையில் டாக்டர் காலை அழுத்தினார். டர்போ காற்றை இழுக்கும் அந்த ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. 'பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்' என்று வாயெடுப்பதற்குள் யாரோ இருக்கையோடு சேர்த்து அவரை முன்னால் தள்ளினார்கள். அவருடைய ஆறை இப்படி ஓட வைக்க, கியரைக் குறைத்து, கெஞ்சி, உச்சிக்கு ஏற்றியாக வேண்டும். இது இடுப்பைப் பிடித்துத் தூக்கியது. காதுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மறுபடி அழுத்தினார். சிரிப்பு வந்தது. சிரிக்கிறோமே என்று கோபமும் வந்தது.

"சொல்லுங்க," என்றான் மச்சான்.

"கீழ பிரமாதம். மேல மூச்சு வாங்குது."

"அது வாஸ்தவம்தான். ஆறாயிரத்துக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"அப்ப ஏன் இத்தன நாள் சொல்லல?"

"நீங்க திட்டிட்டிருக்கும்போது நானும் சேர்ந்து திட்டவா?"

போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில் அக்காவின் குரல். "கூட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு. உன் மாமா போன எடுக்கல. எங்க தொலைஞ்சாரு?"

"எங்கூடத்தான்க்கா இருக்காரு."

"ஒரே கார்லயா?"

"ஒரே கார்லதான்."

"யார் ஓட்டறா?"

"என்ன சொல்றா?" என்றார் டாக்டர், தலையைத் திருப்பி.

"யார் ஓட்டறான்னு கேக்கறா."

"நான்தான்னு சொல்லு. வீட்டுக்கு வந்து ஒரு விஷயம் சொல்லணும்னும் சொல்லு."

ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். இடப்பக்கம் திரும்பினால் ஓட்டல். அவர் கார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், மனைவியிடம் சொல்ல வேண்டும், சங்கத்தில் இருப்பதா விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். திருப்பம் நெருங்கியது. மச்சான் கையை நீட்டி வழி காட்டினான். டாக்டர் காலை அழுத்திவிட்டு, ஒரு கணம் காத்திருந்தார்.

கார் நேரே போனது.