ஐந்தாவது கோடு

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில், எழுத்தின் மேல் விரல் வைத்தவர் எவரும் அக்காவிடமிருந்து தப்பியதில்லை. "கையை எடுங்க. முந்நூறு வருஷத்து மை அது" என்பாள். முப்பது ஆண்டுகளாக அங்கே அட்டவணை எழுதுபவள். அவளுடைய மேசையிலேயே, மூன்று நாள் விடுப்பில் வந்த தங்கை ஒரு பழைய ஆவணக் கட்டைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு சிரித்தாள்.

"அஞ்சு கோடு, அக்கா! நீயே எண்ணிப் பாரு."

அவர்களுடைய முன்னோர் கடல்வணிகர்கள். சரக்கு மூட்டைகளில் இடும் குடும்பக் குறியில், மகன் தலையெடுக்கும்போது தந்தையின் கோடுகளோடு தன்னுடையதாக ஒன்றைக் கூட்டிக்கொள்வான். சுங்கப் பதிவுகளில் நான்கு கோட்டுக்காரரையும் ஆறு கோட்டுக்காரரையும் அக்கா என்றோ பிடித்துவிட்டாள். இடையிலிருந்த ஒருவரைத்தான் பதினோரு ஆண்டுகளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். சித்தப்பா அச்சிடவிருக்கும் வம்சாவளியின் முதற்பக்கத்தில், 'கண்டறிந்தவர்' என்பதற்குக் கீழே ஒரே ஒரு பெயருக்கு இடம் விடப்பட்டிருந்தது.

"எதுல இருந்துச்சு?"

"வழக்குக் கட்டுல. நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. தன் குடும்பத்தார் நீதிமன்றப் படி ஏறியிருக்கமாட்டார்கள் என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, அந்த அலமாரியை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. அங்கேதான் அந்த மனிதர், பிறர் சரக்கைத் தன் மூட்டையில் கட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, இத்தனை காலமும் நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தா சரியான கைகாரரு போல!" என்றாள் தங்கை. "சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். 'பெரியவ பாத்துச் சொல்லட்டும், அப்புறந்தான் அச்சு'ன்னுட்டாரு. நீ ம்னு சொன்னாப் போதும்."

சிறுவயதிலும் இதே கதைதான். தொலைந்த சாவியை அறை அறையாக, வரிசை பிசகாமல் தேடுபவள் அக்கா. போகிற போக்கில் தலையணையைத் தூக்கி, சாவியை எடுத்துக் கொடுத்து, அப்பாவின் தோளில் ஏறிக்கொள்பவள் தங்கை.

அக்கா உருப்பெருக்கியை எடுத்தாள். நான்கு கோடுகள் தெளிவாக இருந்தன. ஐந்தாவது மெலிந்திருந்தது. தாளின் மடிப்பாக இருக்கலாம். இருக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்தாள். மடிப்பானால் நிழல் விழும். விழவில்லை. மைதான், அவளே போட்டிருந்தாலும் அத்தனை நேராக வந்திருக்காது.

"என்னக்கா, அஞ்சுதானே?"

"இரு. அவசரப்படுத்தாத."

தங்கை எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவள் தோளருகே குனிந்தாள். அக்காவின் கட்டைவிரல், கையுறையில்லாமல், தாளின் மேல் அழுந்தியிருந்தது. அதற்கு இடப்புறம் நான்கு கோடுகள் தெரிந்தன.