எருக்குழிக் குழு

சோற்றைப் பிசைந்த கையைத் தங்கப்பாண்டியன் அப்படியே நிறுத்தினார்.

“ஏலே, திருப்பிச் சொல்லு. இன்னைக்குப் பள்ளிக்கூடத்துச் சாம்பார்ல போட்ட வெண்டிக்காய யாரு பறிச்சா?”

“வேல்விழிப்பா. அவ பறிச்சா, நான் கழுவுனேன். நாங்க ஒரே குழு” என்றான் மகன் இனியன், பெருமையாக.

“காலனிப் புள்ளையா? அதத் தின்னுட்டா வந்து நிக்கிற?”

அவர் தட்டிலிருந்த சோற்றுக்கு நாற்று நட்டவள் அந்த வேல்விழியின் அம்மா இருளம்மாள்தான். நெல்லுக்கு உமி இருப்பதால் தீட்டு உள்ளே இறங்காது போலும். வெண்டைக்காய்க்கு அந்த வசதி இல்லை.

மறுநாள் காலையில், பெற்றோர் சங்கத் தலைவர் என்ற முறையில், அவர் பள்ளிக்குப் போனார். ‘கூடி உழைப்போம், கூடிக் கற்போம்’ என்று தோட்டத்து வாசலில் ஒரு பலகை. தலைமையாசிரியர் சுந்தரலிங்கம் பலகையை மாற்றவில்லை, குழுக்களை மாற்றினார். காலனிப் பிள்ளைகள் எருக்குழிக் குழு. மற்றவர்கள் பறிக்கும் குழு.

“சார், அந்த ஓரத்துப் பூசணி நான் ஊனுனது. காய்ச்சா நானே சத்துணவுக் கூடத்துக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கணும்” என்றாள் வேல்விழி.

“எல்லா வேலையும் சமம்தாம்மா. ஒங்க வேலை குழியோட முடிஞ்சிருது.”

எருவோடு என்ன கலந்ததோ, அந்தப் பூசணிக் கொடியில் ஒரே ஒரு காய் காய்த்தது. முதலில் குடம் அளவு. பிறகு அண்டா அளவு. அப்புறம் ஓர் ஆட்டுக்குட்டி அதன் அந்தப் பக்கம் மேயப் போய் வழி தவறிவிட்டது. சின்னமனூர் பஸ் டிரைவர் காயை அடையாளம் பார்த்துத்தான் வண்டியைத் திருப்பினார். இதெல்லாம் குறைத்துச் சொன்னது.

அறுவடை நாளன்று பெற்றோருக்கும் பள்ளியில் சாப்பாடு. பறிக்கும் குழு பூசணியைத் தள்ளிப் பார்த்தது. இனியனின் சட்டைப் பொத்தான்கள்தான் தெறித்தன. தங்கப்பாண்டியனும் முண்டிப் பார்த்தார். வேட்டி நெகிழ்ந்தது, காய் நெகிழவில்லை.

“ஏம்மா வேல்விழி, நீங்களும் வந்து ஒரு கை குடுங்க” என்றார் சுந்தரலிங்கம்.

எருக்குழிக் குழு வேப்பமரத்தடியை விட்டு எழவில்லை. “எங்க வேலை குழியோட முடிஞ்சதுன்னு நீங்கதான சார் சொன்னீக? கூடத்துக்குள்ள வரைக்கும்னா தூக்குறோம்” என்றாள் வேல்விழி.

சமையல்கார ஜோதிலட்சுமி வாசலுக்கு வந்தாள். “பருப்பு கொழையுது சார்! காய் வரலேன்னா பெரிய மனுசக எலையில வெறுந்தண்ணியத்தான் ஊத்தணும்!”

தலைமையாசிரியர் தங்கப்பாண்டியனைப் பார்த்தார். தங்கப்பாண்டியன் மேகமலையைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை.

“வா வேல்விழி, நீ முன்னால புடி” என்றான் இனியன்.

எல்லாக் கையும் சேர்ந்ததும் பூசணி எழுந்தது. வேல்விழி முன்னால் பிடித்தபடி கூடத்து வாசற்படியைத் தாண்டினாள். அரிவாள்மணையில் முதல் கீற்றைப் போட்டவளும் அவள்தான்.

தங்கப்பாண்டியனுக்கு நல்ல பசி. இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டு வாங்கி, ஏப்பம் விட்டு, யோசனை சொன்னார்.

“ருசிக்கு ஒரு கொறையும் இல்ல சார். ஆனா வாற வருசம் வெண்டி, கத்திரின்னு சிறுசாப் போடுங்க. எல்லாரும் சேந்து தூக்குற மாதிரி எதையும் போட்டுறாதீக.”

சுந்தரலிங்கம் தலையாட்டினார்.

அந்நேரம் வேல்விழி கை நிறையப் பூசணி விதையோடு எருக்குழிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே, பொத்தான் இல்லாத சட்டையை மடித்து அதில் இன்னும் கொஞ்சம் விதையோடு இனியன். இருவரும் எருவைக் கிளறி விதைகளைக் கலந்தார்கள். தோட்டம் முழுவதற்கும் போகிற எரு அது. அதைக் குனிந்து பார்க்கும் பழக்கம் பெற்றோர் சங்கத்தில் யாருக்கும் இல்லை.