முதல் கோட்டுக்குக் கீழே

அளவுக் கோப்பையில் பிடித்த சிறுநீர், ஸாதியாவின் சலம், இந்த முறையும் முதல் கோட்டைத் தொடவில்லை. வதனி கோப்பையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டொக்டரை அழைக்கத் திரும்பினாள்.

டெங்கு வார்டில் தாதிமாருக்கு மணிக்கு மணி இதுதான் வேலை. சலம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் உடம்புக்கு நீர் போதவில்லை என்று சேலைனைக் கூட்டுவார்கள். தேவைக்கு மேல் ஏறிவிட்டாலோ அது நெஞ்சில் போய்த் தேங்கும். ஸாதியாவுக்குக் காலையில் ஒருமுறை கூட்டியாயிற்று. இப்போது தகப்பன் மீராசாஹிப் கட்டிலருகே எழுந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மிஸ், புள்ளைக்கு மூச்சு வாங்குற மாதிரி இரிக்கி."

வதனி கோப்பையையும் ஸாதியாவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டச் சொல்வதா, குறைக்கச் சொல்வதா?

"கொஞ்சம் நில்லு புள்ள," என்றாள் றுக்ஷானா. வதனியின் வயதுதான் அவளுக்கும். சிறுவர் வார்டிலிருந்து புதிதாக மாறி வந்தவள், வாய் திறப்பதே அபூர்வம். ஸாதியாவின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கி, அதிலிருந்ததைச் சிறிஞ்சால் பத்துப் பத்தாக உறிஞ்சி எடுத்தாள். ஐந்து சிறிஞ்சு நிறைந்தது. ஆறாவதில் பாதி.

ஐம்பத்தைந்து மில்லிலீற்றர். ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மணிக்கு இருபத்தைந்து போதும். ஐம்பதைத் தாண்டினால் சேலைனைக் குறைக்க வேண்டும்.

அந்த வார்டில் அளவுக் கோப்பை என்பது கழுத்தை வெட்டிய வெறும் சேலைன் போத்தல். எல்லாக் கட்டிலுக்கும் அதுதான். யார் முதலில் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது.

"இது தலைகீழாத் தொங்குறதுக்குக் கோடு போட்ட போத்தல். நாம நிமித்தி வெச்சு ஊத்துறம். முதல் கோட்டுக்குக் கீழ, அடியில இரிக்கிற இடத்த ஆரும் கணக்கெடுக்கல்ல," என்றாள் றுக்ஷானா.

டொக்டர் இல்ஹாம் வந்து விஷயத்தைக் கேட்டார், ஸாதியாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், தன் கையாலேயே சேலைனைக் குறைத்தார். பிறகு அவரும் வதனியும் ஆளுக்கொரு சிறிஞ்சோடு மற்றக் கட்டில்களுக்குப் போனார்கள்.

றுக்ஷானா யாரையும் குறை சொல்லவில்லை. மீராசாஹிபிடம், வெளியே கடையில் மெலிந்து உயர்ந்த சர்பத் போத்தல்கள் வெறுமையாகக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். அவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அகலக் கோப்பையில் பத்து மில்லிலீற்றர் ஒரு நெல்மணியின் தடிப்பளவுதான் உயரும். மெலிந்த போத்தலில் அது ஒரு விரல் நகத்தின் அகலம். அவள் ஒவ்வொரு நோயாளியின் எடையையும் கேட்டு, சிறிஞ்சால் தண்ணீர் விட்டு, வேண்டிய அளவில் சிவப்புப் பிளாஸ்டரும் தாண்டக்கூடாத அளவில் நீலமும் ஒட்டினாள். எண்ணே இல்லை.

"சிவப்புக்குக் கீழ எண்டாலும் கூப்பிடுங்க. நீலத்துக்கு மேல எண்டாலும் கூப்பிடுங்க," என்று உதவியாளர் இரத்தினம்மாவிடம் காட்டினாள்.

"நான் கணக்குல முட்ட வாங்கினத ஆரு மிஸ் உங்களுக்குச் சொன்ன?" என்றாள் இரத்தினம்மா. றுக்ஷானா அன்றுதான் வார்டில் முதன்முறையாகச் சிரித்தாள்.

வதனி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு எளிது. எத்தனை தரம் அந்தக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்திருப்பாள், அடியைப் பார்க்கத் தோன்றியதேயில்லை.

"கோப்பயில பிழையெண்டு என்னண்டுகா உனக்கு விளங்கின?" என்று கேட்டாள்.

"அவட உதடு ஈரமா இருந்திச்சு. கோப்ப வேற சொல்லிச்சு. ரெண்டுல ஒண்டு பொய்தானே," என்றாள் றுக்ஷானா, அடுத்த பிளாஸ்டரை வெட்டிக்கொண்டே.

பின்னேரம் ஸாதியாவின் சலம் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் நின்றது. அதை இரத்தினம்மா வாசலிலிருந்தே பார்த்துச் சொன்னாள். படுத்தால் மூச்சு வாங்குமென்று பகல் முழுக்க மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்த ஸாதியா, ஒன்றை உருவித் தகப்பனிடம் நீட்டினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்றையும்.