சீட்டில் விழுந்த மாத்திரை

என் வீட்டுக்காரர் தேவேந்திரனுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் சொல்வார்கள். நன்றாகவே வரும். அதுவும் வாயைத் திறக்காமல் சொல்கிற பொய் என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த மாத்திரை விஷயத்தை ஒரு வருஷத்துக்கு மேல் என்னிடம் மறைத்திருக்க முடியுமா?

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் குப்பம். அவருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கால் வீங்கியபோது, சேற்றில் நிற்கிற கால் வீங்கத்தான் செய்யும் என்றார். முகம் வீங்கியபோது சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. பொன்னேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள் என்றார்கள். அதே மாதம் நீலமேகம் அண்ணனுக்கும் அதையே சொன்னார்கள். அவரும் இவரும் ஒரே வலையில் பங்காளிகள். வியாதியிலுமா பங்கு போடுவீர்கள் என்று திட்டினேன். திட்டிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

இருப்பதும் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தோணிரேவு சின்னப்பனைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். அதற்காக அவன் கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார் அக்கா என்றான். தொட்டேன். தோலுக்கு அடியில் படகு எஞ்சின் ஓடுவதுபோல அதிர்ந்தது. அவன் இப்போது ஏரிக்குப் போவதில்லை. தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்கிறான். என் மனுஷனுக்கு அந்த நிலைமை வரக்கூடாது, அதுதான் என் வேண்டுதல்.

பொன்னேரி டாக்டர்தான் எங்களையும் நீலமேகம் அண்ணனையும் சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கிட்னி கெடுவதைத் தடுக்கப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுபஸ்ரீ என்ற டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"சேர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து இருக்கற மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும்."

எனக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா இது, சீக்காளிக்கு மாவைக் குடுத்து ஏமாத்துவீங்களா?"

"ஏமாத்தலைம்மா, முன்னாடியே சொல்லிட்டுத்தான் கேக்கறோம். வழக்கமான மாத்திரையெல்லாம் எல்லாருக்கும் உண்டு. ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் புது மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்."

"இவருக்கு எதுன்னு உங்களுக்காவது தெரியுமில்ல?"

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். அதனால எங்கிட்டயும் மறைச்சு வெச்சிருக்காங்க."

அவ்வளவு படித்த ஒருத்தர் எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் தெரியாமல் இருப்பதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்து, அதற்குக் காவலும் போட்டு வைத்திருக்கிறார்கள். எத்தனையோ நாட்டில் ஆயிரக்கணக்கான பேர், தன் கையில் இருப்பது மருந்தா மாவா என்று தெரியாமலே தினமும் விழுங்குகிறார்கள் என்றார். கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆண்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. "நம்ம பாடு மாதிரி" என்றார் நீலமேகம் அண்ணன்.

"பாடுன்னா?" என்றார் டாக்டரம்மா.

"ஏரில எந்த எடத்துல யாரு வலை கட்டறதுன்னு சீட்டுப் போடுவோம்மா. விழுந்தா விழுந்ததுதான். ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான்."

மற்றவர்களுக்கு இதை மணிக்கணக்கில் விளக்க வேண்டியிருக்கிறது, உங்களுக்கு உடனே புரிந்துவிட்டதே என்று டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாடு முறையில் இன்னொரு பாதி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டுப் போடுவது யார் முதலில் என்ற வரிசைக்குத்தான். இன்றைக்கு இறால் பாய்கிற இடம் உனக்கு என்றால் நாளைக்கு அது எனக்கு, நீ சேற்றுப் பக்கம் போக வேண்டும். நல்ல இடத்தில் ஒருத்தனே தினமும் நிற்பது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். பொன்னேரியில் ரயில் ஏறினால், அனுப்பம்பட்டு வருவதற்குள் இவர் தூங்கிவிடுவார். ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு புட்டி மாத்திரையோடு திரும்புவோம். ஒரு வருஷம் தாண்டியிருக்கும். அன்றைக்குப் போனபோது டாக்டரம்மா முகம் சரியில்லை. பக்கத்தில், எங்களுக்கு ரத்தம் எடுக்கிற ஜேம்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சிறுநீர்ல புரதம் போகுதுன்னு சொன்னேனே, கிட்னி எவ்வளவு கெடுதுன்னு அதை வெச்சுத்தான் பார்க்கறோம்" என்றார் டாக்டரம்மா. "உங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு தடவை இறங்குது, அடுத்த தடவை ஏறுது. இவருக்கு இறங்கினா அவருக்கு ஏறுது. உடம்பு இப்படிப் பண்ணாது. ஒரே ஊர், ஒரே நாள்ல வர்றீங்க. ஜேம்ஸ் குப்பியில பேரை மாத்தி ஒட்டிட்டார்னு மேல நினைக்கறாங்க. வேலையை விட்டு எடுக்கச் சொல்லிட்டாங்க."

"பேரைக் கேட்டுக் கேட்டுத்தான் மேடம் ஒட்டினேன்" என்றார் ஜேம்ஸ்.

இவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலமேகம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் மேல தப்பு இல்லம்மா. புட்டியை மாத்திக்கினது நாங்க. ஒரு வாட்டி அவன்து அவனுக்கு, என்னுது எனக்கு. அடுத்த வாட்டி மாத்திக்குவோம். மாவு விழுந்தவன் கடைசி வரிக்கும் மாவுலயே கெடப்பானா? பாடுன்னா மாறி மாறித்தானேம்மா" என்றார் அண்ணன்.

நான் விடவில்லை. "யோவ், உனக்கு அறிவு கீதா? எங்கய்யா மாத்திக்கினீங்க?"

"படகுல" என்றார் இவர்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி, எந்தத் தடவை யாரிடம் எந்தப் புட்டி என்று கேட்டுக் கேட்டு ஏதோ தட்டினார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன, சிவப்பு இவருக்கு, நீலம் அண்ணனுக்கு. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனது. அடுத்து அது மேலே, இது கீழே. புட்டி மாறிய தடவையெல்லாம் கோடும் மாறியது, ஒரு இடத்திலும் தப்பவில்லை. டாக்டரம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது.

நான் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏரி நடுவில், கட்டியவளுக்குக்கூடத் தெரியாமல் இரண்டு பேர் ஒரு புட்டியைக் கைமாற்றியிருக்கிறார்கள். அதை அவர்கள் உடம்பு பார்த்திருக்கிறது, கணக்கு வைத்திருக்கிறது, தேதி தவறாமல் வந்து சொல்லியிருக்கிறது. இவர் உடம்புக்குள் இப்படி ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது வருகிற பயம் எனக்கு அந்த ஏசி ரூமில் வந்தது. கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இவர் தன் சொந்தப் புட்டியைச் சாப்பிட்டபோதெல்லாம் இவர் கோடு ஏறியிருந்தது. நீலமேகம் அண்ணன் புட்டியைச் சாப்பிட்டபோது இறங்கியிருந்தது. அப்படியானால் சீட்டில் இவருக்கு விழுந்தது மாவு.

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணவும் முடியாது." அவர் சொன்னது நியாயமாகவே இருக்கட்டும். எனக்குக் கண் இருக்கிறது.

ஜேம்ஸ் வேலை பிழைத்தது. மேலே இருக்கிற குழு கூடிப் பேசி ஒரு முடிவு சொல்லி அனுப்பியது. நடந்தது நடந்தபடியே பதிவாகும். இருப்பதானால் அவரவர் புட்டியை அவரவர்தான் சாப்பிட வேண்டும். விலகுவதானால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் நிற்காது. ஆனால் இந்த மாத்திரை வெளியே கிடைக்காது. சோதனை முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். மருந்து நல்லது என்று தெரிந்தால் அப்போது எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

அந்த ஒரு வருஷத்துக்குள் இருக்கிற கிட்னியும் போய்விட்டால்? சின்னப்பன் கை அதிர்ந்தது இன்னும் என் விரலில் இருந்தது. மறுநாள் காலையில் நானே நீலமேகம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். அவரே எதிரில் வந்தார், மடியில் புட்டியோடு.

"தங்கச்சி, நான் தினம் நல்ல எடத்துல நின்னுகினு, அவனைச் சேத்துல நிக்க வெக்க மாட்டேன். இந்தா, இது அவனுக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

நான் வாங்கிக்கொண்டேன். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். இவர் வலையை உதறிக்கொண்டிருந்தவர், வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப அண்ணன் மடியிலேயே வைத்தார்.

"ஏன்யா" என்றேன். "உனக்குச் சாவணும்னு ஆசையா?"

"இல்ல கஸ்தூரி, பயமாத்தான் கீது" என்றார். "ஆனா பாடு மாத்திக்கிறது நம்ம குப்பத்துக்குள்ள. இது நம்ம குப்பம் இல்ல. எந்தெந்த ஊர்லயோ நம்மள மாதிரி ஒருத்தன் உக்காந்து முழுங்கறான். மாவு விழுந்தவன்லாம் மாத்திக்கினா, எது மருந்துன்னு அந்தம்மாவுக்கு எப்பவும் தெரியாது. சின்னப்பன் மாதிரி இன்னும் எத்தினி பேரு படுப்பான் சொல்லு."

நீலமேகம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எப்படிறா தேவா இத்த முழுங்குவேன்?"

"நான் முழுங்கறேன் பாரு, அப்படித்தான்" என்றார் இவர். தன் புட்டியைத் திறந்து மாவு மாத்திரையை வாயில் போட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் கையைப் பிடித்து அவரையும் விழுங்க வைத்துவிட்டுத்தான் இவர் விட்டார். இருபது வருஷமாக நான் ஏசிக்கொண்டிருக்கிற மனுஷன் இவர்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"நீலமேகம், உங்களுக்கு நல்லா இறங்கியிருக்கு" என்றார். "தேவேந்திரன், உங்களுக்கு…" கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏறிக்கீதாம்மா?" என்றார் இவர்.

டாக்டரம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சரி. சரியா எழுதிக்கம்மா."