முழு மேகம் தெரியும் தூரம்

நூலகப் படிக்கட்டில் கால் வைக்கும்போதே அவள் கணவர் ஆரம்பித்துவிட்டார். மச்சான் படமெடுத்த மேகத்தைப் பார்ப்பதற்கு மேகம் நிற்கிற உயரத்துக்கே ஏறணுமா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் படத்துக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது, இன்று ஒரு நாளாவது வாயைக் கட்டிக்கொண்டு வாருங்கள், நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டிலேயே கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தாள். வலது தோள் எலும்பு நொறுங்கித் தகடு வைத்ததிலிருந்து அவருடைய அந்தக் கை இடுப்புக்கு மேல் எழும்பாது. கைப்பிடி வலப்பக்கம் மட்டுமே இருந்த படிக்கட்டு. இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார்.

“மானம் பார்த்த மச்சான்” என்பது அவர் வைத்த பேர். கல்யாணமான புதிதில் கேலியாக வைத்தது. அப்போது அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். இப்போது அதே பேரை அவர் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சில் முள் குத்தும்.

அவர்களுடையது நாற்றுப் பண்ணை. தக்காளி, மிளகாய், கத்தரி, பூச்செடி என்று தட்டுத் தட்டாக வளர்த்து விற்கிறார்கள். இரும்புக் கம்பங்களின் மேல் பிளாஸ்டிக் கூரை. நாலு பக்கமும் சுருட்டி ஏற்றவும் இறக்கவும் படுதா. காற்றோடு மழை வருகிறதென்றால் படுதாவை இறக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கம்பத்தோடு பிடுங்கிவிடும். சரி, எதற்கு வம்பு என்று இறக்கிக் கட்டிவிட்டு மழை வராமல் போனாலோ, உள்ளே புழுங்கி நாற்றெல்லாம் வெந்துபோகும். அதனால் வருமா வராதா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு அண்ணன் இருந்தான். நகரத்தில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, உயரமான குடியிருப்பில் வீடு. உத்தியோகம் காப்பீட்டு அலுவலகத்தில்; உயிர் மொட்டைமாடியில். இடிமேகம் எங்கே எழும்பினாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவான். அடியில் நிற்பவனுக்கு அது மேகமாகவே தெரியாது, வானம் கறுத்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும் என்பான். தூரத்தில் இருப்பவனுக்குத்தான் அடி முதல் முடி வரை தெரியுமாம். எந்தப் பக்கம் சாய்கிறது, யார் தலையில் கொட்டப்போகிறது என்பதும் தெரியுமாம்.

அண்ணனும் தங்கையும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பண்ணையில் இருட்டிக்கொண்டு வந்தால் அவள் போன் அடிப்பாள். அண்ணன் எடுத்துப் பேசினால் மழை வருகிறது, படுதாவை இறக்கு. எடுக்காமல் கட் பண்ணினால் பயமில்லை, மேகம் வேறு பக்கம் போகிறது. வானம் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் மணியை அதுபாட்டுக்கு அடித்து ஓயவிட வேண்டும். நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். பேச்சே தேவையில்லை. வருஷக்கணக்காக இது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

அவர் தோள் நொறுங்கிய அன்று மத்தியானம் மேற்கே கறுத்ததும், இறக்கிவிடலாம் என்று அவர் கயிற்றில் கை வைத்தார். இருங்கள், கேட்டுவிடுகிறேன் என்று அவள் போன் அடித்தாள். கட் ஆனது. அவருக்கு மனசு கேட்கவில்லை, காற்றில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது, இன்னொரு தடவை அடி என்றார். இந்தத் தடவை ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, கட். அண்ணன் கட் பண்ணுகிற வேகத்தைப் பார்த்தால் மேகம் அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று அவள் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஆணியில் சுற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் கூரை முழுதும் ஒரு மூச்சு இழுத்த மாதிரி மேலே உப்பியது. அவர் ஓடிப்போய்ப் படுதாவைப் பிடித்தபோது நடுக்கம்பம் சாய்ந்து தோளில் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஓடி வந்தான், அழுதான். அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மீட்டிங், மேலதிகாரி முறைத்தார், கை தன்பாட்டுக்குக் கட் பண்ணிவிட்டது என்றான். அவள் நம்பினாள். கை தவறுவது யாருக்கும் நடக்கிறதுதானே. அவர் நம்பவில்லை. மேகம் கட்டின அன்று உன் அண்ணன் கதவைச் சாத்திய அறையில் உட்கார்ந்திருப்பானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் கம்பம் விழுந்தே இருக்காது, அதற்கு என் அண்ணனை ஏன் கரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொதுநூலகத்தின் மாடி அறையில் சுவர் முழுக்க மேகம். மேகம் பார்ப்போர் குழுவின் வருஷக் காட்சி. பருத்திப் பொதி மாதிரி சில, மாட்டு மடி மாதிரி தொங்கும் சில. அண்ணனுடையதை நடுவில் தனியாக மாட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். கீழே இருண்ட அடிவயிறு; மேலே மேலே எழும்பி, உச்சியில் கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாக விரிந்து, ஒரு விளிம்பில் மட்டும் பொன் வெயில். நட்ட நடுவே மின்னல், வேரோடு பிடுங்கின மரம் மாதிரி. அவளுக்கே மூச்சு நின்றது. பார்த்தீர்களா என்று பெருமையாக அவர் பக்கம் திரும்பினாள்.

குழுவின் செயலாளர், மருந்துக் கடை வைத்திருப்பவர், படத்தின் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவளை அவருக்குத் தெரியாது.

“பொறுமைன்னா இவர்கிட்டதான் கத்துக்கணும். நானும் அன்னிக்கு இவர் மாடியிலதான் இருந்தேன். கேமராவை இயக்குறதே இவரோட போன்தாங்க. அழைப்பை அடிக்க விட்டா திரையை மறைச்சுக்கும், எடுத்துப் பேசினா தொடர்பு அறுந்துடும், மறுபடி பிடிக்கறதுக்குள்ள மின்னல் போயிடும். மேகம் உச்சத்துல நிக்குது, யாரோ ஒரு புண்ணியவான் கூப்பிடறான். மனுஷன் தட்டி விட்டாரு. உடனே மறுபடியும். யாருங்க இந்த நேரத்துல உயிரை எடுக்கறதுன்னு நான் கேட்டேன். லோன் வேணுமான்னு கேக்கற கும்பல்னாரு. தட்டினாரு பாருங்க, அடுத்த நொடி இந்த மின்னல்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து பாதி சிரித்துவிட்டாள். மீதிச் சிரிப்பு வாயிலேயே நின்றது.

“இது என்னிக்குங்க எடுத்தது?” என்று கேட்டாள்.

“அந்தப் பெரிய காத்து அடிச்சதே, அன்னிக்குதாம்மா. கிராமத்துப் பக்கம் பண்ணைக் கூரையெல்லாம் பறந்துச்சே.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. படத்தின் கீழே, அடிவயிற்றின் இருட்டு தரையைத் தொடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புதுச் சட்டை. வந்துட்டியா என்று அவள் தோளைத் தொட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

“மீட்டிங்ல இருந்தேன்னு சொன்னே,” என்றாள்.

அண்ணன் செயலாளரைப் பார்த்தான். இங்கே வேண்டாம், வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று குரலை இறக்கினான்.

“என் நம்பரைப் பார்த்துட்டுத்தான் கட் பண்ணியா?”

“ரெண்டு நிமிஷம்மா. முடிஞ்சதும் கூப்பிடலாம்னு இருந்தேன். கூப்பிட்டேனே, நீதான் எடுக்கலை.”

“நீ கூப்பிட்டப்ப நான் இவரைக் கம்பத்துக்கு அடியிலேருந்து இழுத்துக்கிட்டு இருந்தேன். கட் பண்ணா வராதுன்னு அர்த்தம். மறந்துட்டியா?”

“அந்த அவசரத்துல அது ஞாபகமே வரலை.”

“முதல் தடவை வரலை, சரி. ரெண்டாவது தடவை?”

அண்ணனின் கண் அவளைத் தாண்டி, தன்னை அறியாமல், படத்துக்குப் போய்த் திரும்பியது.

“அப்படி ஒரு மேகம் எனக்கு இனிமே கிடைக்காதும்மா,” என்றான்.

அவனை ஓங்கி அறைந்திருக்கலாம் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் கை எழவில்லை. கணவர்தான் முன்னால் வந்தார்.

“படம் நல்லா வந்திருக்கு மச்சான். கீழ நின்னப்போ இவ்வளவு அழகுன்னு தெரியலை.”

சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் சொன்னார். செயலாளர் பாவம், விஷயம் புரியாமல், அடியில் இருப்பவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் என்று விளக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து அண்ணி, சாப்பாடு சொல்லியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

வேனுக்குள் உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர்தான் ஓட்டுவார். இப்போது அவள் ஓட்டுகிறாள். சாவியைப் போட்டுத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க சொன்னப்பவே இறக்கியிருக்கணும். நான்தான் கேக்கலை. உங்களையும் என்னென்னவோ பேசிட்டேன். தப்பு என்மேலதான்.”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போலத் தெரிந்தது.

“உங்க அண்ணன் பொய் சொன்னது தெரிஞ்சுபோச்சு, அதனால சொல்றே,” என்றார். “அவன் நிஜமாவே மீட்டிங்ல இருந்திருந்தா? அப்பவும் காத்துல குளிர்ச்சி இருக்குன்னு நான் சொன்னது சரிதானே. என் கையிலேருந்துதானே கயித்தை வாங்கினே.”

அழுதால் அது இன்னொரு அநியாயமாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சீட் பெல்ட்டைத் தேடினார். இத்தனை மாதமும் அவள்தான் எட்டி இழுத்து மாட்டிவிடுவாள். இன்று இடது கையைப் பின்னால் வளைத்து அவரே இழுத்தார். பாதி தூரம் வந்த பெல்ட் கை நழுவிச் சரேலென்று உள்ளே போய்விட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி போனது. அவள் கை நீட்டினாள்.

“விடு,” என்றார்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மூன்றாவது தடவையாக இழுத்தார்.