பின் சீட்டு

மெரெடித் எங்கள் மலையூர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டுத் தொண்டர். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளை அனுப்பிய அமைப்பு முதலில் ஆளனுப்பி எங்கள் வீட்டைச் சோதித்தது. அவள் அறைக்குள் தாழ்ப்பாள், அடுப்புக்கு மேலே புகை வந்தால் கத்தும் கருவி, எல்லாம் அவளுக்காக. அவள் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடுவையில் ஊற்றுவது மட்டும் என் தலையில். மருமகள் எதற்கு இருக்கிறேன்? நான் குடித்தது ஆற்றுத் தண்ணீர்தான்.

என் புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். எனக்கு ஐந்தாம் மாதம். ஆனால் மாமனார் எதிரே மருமகள் குரலே எழக்கூடாது, வயிற்றுப் பேச்சு எப்படி எழும்? தொளதொள சட்டைக்குள் பிள்ளையை ஒளித்து வைத்திருந்தேன். மாமியாருக்கு மட்டும்தான் தெரியும், மெரெடித்துக்குக்கூடத் தெரியாது.

பக்கத்து வீட்டில் கொடுத்த காய்ச்சாத பாலாடையைத் தின்றுவிட்டு அவள் வாந்தி எடுத்தாள். ஒரு போன்தான். பனி விழுந்து கணவாய் அடைபடுவதற்குள் வண்டி வந்து நின்றது. கூடவே தொண்டர்களின் உடம்பைக் கவனிக்கும் அதிகாரி தாலன்ட்.

அன்று காலையிலேயே எனக்கு உதிரம் போக ஆரம்பித்திருந்தது. ஊர் நர்ஸ் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, அந்த வண்டியில என்னையும் அனுப்பிடுங்க. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு."

அத்தை முற்றத்துக்கு ஓடி, மருமகளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அங்கே மாமா, டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆம்பிளைகள் கூட்டம்.

"மருமகளுக்கு என்னம்மா?" என்றான் தாலன்ட்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா தன் பூட்ஸைப் பார்த்தார்.

"சளிக்காய்ச்சல்ப்பா."

"ஐயோ, வேணாம்மா! இந்தப் பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சுன்னா என் வேலை போயிடும். ராஸ்பெர்ரி ஜாம் போட்டு சூடா டீ குடுங்க, சரியாயிடும்."

ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். மாமா நிற்கிறாரே என்று போடவில்லை. மெரெடித் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். வண்டி போய்விட்டது.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஆண் பிள்ளை. அத்தை துணியில் சுற்றி எடுத்துப் போனாள். எங்கே புதைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

கணவாய் திறந்ததும் மெரெடித் திரும்பி வந்தாள், கன்னம் சிவக்க, பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"சைகால் அக்கா, உங்க காய்ச்சல் சரியாச்சா?"

டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் காய்ச்சலே வரல. வயித்துல புள்ள இருந்துச்சு. நீ வண்டியேறின அன்னிக்கே செத்துப்போச்சு."

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மாமனாரை வச்சுக்கிட்டு என்ன பேச்சுடி இது? வெக்கமா இல்ல?" என்று அத்தை சீறினாள்.

"இருந்துச்சு அத்தை. அன்னிக்கு உங்களுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. அதுக்குத்தானே புள்ளையக் குடுத்தோம்?"

மெரெடித் வாயைப் பொத்திக்கொண்டாள். "பின் சீட்டுல என் பையைத்தான் வச்சிருந்தேன்" என்றாள்.

அழுது அழுது அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த குடுவையை எடுத்துக் குடித்தாள். அவள் வருகிறாள் என்று காலையிலேயே கொதிக்கவைத்து ஆறவைத்திருந்தேன்.